கும்பகோணத்திலும் கேம்பிரிட்ஜிலும்: கணித மேதை இராமாநுஜனின் முதலாண்டுகள்

ஆனி மாதம் பிறந்ததும் நமது மன்னார்புரம் நாற்சந்தியில், பெட்டியும் படுக்கைச் சுருளுமாக நிற்கும் பிள்ளைகளையும், அவர்களை வழியனுப்ப வந்து நிற்கும் பெற்றோரையும் நாம் வருஷந்தோறும் கண்டு வருகிறோம். அன்னையர் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தந்தையர் பஸ்ஸின் எண்ணைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிள்ளையோ ஒன்றும் பேசான். வீட்டை விட்டுக் கலாசாலைக்குப் போகும் முதல் நாள் அது.

சென்ற வருஷம் நம் சங்கத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவரின் குமாரன் இவ்வாறே வெளியூர்க் கலாசாலையொன்றுக்குச் சென்றான். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு மிஞ்சியவன் இல்லை என்று பெயரெடுத்தவன். விடுதியில் ஒரு மாதங்கூடத் தங்காமல் திரும்பி வந்துவிட்டான். உணவு செல்லவில்லை, உறக்கம் வரவில்லை, வகுப்பில் எழுந்து பேச நா எழவில்லை என்பதே அவன் சொன்ன காரணம். தந்தையார் உறவினரிடமெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வந்தார். ஓரிரவு நம் இல்லத்துக்கு வந்து, உண்மையைச் சொல்லி, இவனை என்ன செய்வது என்று கேட்டார். நமக்கு உடனே விடை தோன்றவில்லை. அவர் சென்ற பின்னர் நினைவுக்கு வந்தவர், இப்போது நாம் எழுதப் புகுந்திருக்கும் இம்மகான்.

இப்பத்திரிகையில் பெரும்பாலும் நம் குலத்துப் பெரியோர்களின் சரித்திரங்களையே வெளியிட்டு வருகிறோம். ஸ்ரீநிவாஸ இராமாநுஜன் நம் குலத்தவர் அல்லர். ஆயினும் காவிரி நீரைப் பருகி வளர்ந்தவர். அவர் வாழ்க்கையில் நம் திருச்சிராப்பள்ளிக்கும் பங்குண்டு. அவருடைய கணிதத்தின் பெருமையைச் சொல்ல வல்லார் பலர் உளர். நாம் சொல்ல விரும்புவது, அவர் கலாசாலை மாணவராக இருந்த முதலாண்டுகளைப் பற்றி மட்டுமே.

இராமாநுஜன் 1887-ம் வருஷம் டிஸம்பர் மாதம் 22-ந் தேதி ஈரோட்டில், தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்திற் பிறந்தார். தந்தையார் ஸ்ரீநிவாஸ ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் குமாஸ்தா. தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுபவர், மனவுறுதி மிக்கவர். குடும்பம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஒரு சிறு வீட்டில் வசித்தது. வரும்படி போதாமையால் கலாசாலை மாணவர் இருவரை வீட்டில் வைத்துச் சோறு போட்டு வந்தார்கள். ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்தவர், மற்றவர் நம் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவர். பள்ளிச் சிறுவனாகிய இராமாநுஜன் அவ்விருவரிடமும் கணக்குக் கற்கத் தொடங்கி, சில மாதங்களில் அவர்களுக்குத் தெரிந்ததையெல்லாம் தீர்த்துவிட்டார். லோனி என்பவர் எழுதிய திரிகோண கணித நூல் அவர் கைக்கு வந்ததும் இவ்வகையிலேயே. பதின்மூன்று வயதுக்குள் அதை முற்றும் கற்றுக்கொண்டார்.

அறிவு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு மென்மை அவருடைய மனம். இதை நேயர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சிறு வயதில் ஒரு கணக்குப் பரீக்ஷையில் தாம் 45-க்கு 42 வாங்க, சாரங்கபாணி என்னும் நண்பன் 43 வாங்கியதற்காக, அந்நண்பனோடு பேசாமல் ஒதுங்கி, வீட்டுக்கு ஓடித் தாயிடம் அழுதவர் அவர். பின்னர் ஒரு சமயம், தாமே கண்டுபிடித்ததாக எண்ணி மகிழ்ந்த ஒரு கணித உண்மை, முன்னமே ஐரோப்பாவில் ஒருவர் கண்டு நூலில் எழுதியதே என்று அறிந்தவுடன், நாணம் தாங்காமல் அக்காகிதங்களை வீட்டுக் கூரையில் செருகி ஒளித்தார். பிறர் கண்டால் நகைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது? ஒரு மாபெரும் கணித நிபுணர் கண்டதைப் பதின்ம வயதுச் சிறுவன் தானாகவே கண்டான் என்று ஊர் மெச்சியிருக்கும். நாணம் உள்ள மனத்துக்கு இந்த நியாயம் எட்டுவதில்லை. புகழ்ச்சி ஒருபுறம் பெருகப் பெருக, சறுக்கி விழுந்தால் யார் பார்ப்பார்களோ என்னும் அச்சமும் மறுபுறம் பெருகுவது இத்தகைய பிள்ளைகளின் இயல்பு.

1903-ம் வருஷம் கார் என்பவர் தொகுத்த கணிதச் சுருக்க நூல் ஒன்று அவருக்குக் கிடைத்தது. ஏறக்குறைய 5,000 சூத்திரங்களை, பெரும்பாலும் விளக்கமின்றி வரிசையாக அடுக்கிய நூல் அது. பரீக்ஷைக்குப் படிக்கும் மாணவர்களின் பொருட்டு எழுதப்பட்டது. பெருநூல் என்று யாரும் போற்றியதில்லை. ஆனால் விளக்கமில்லாமையே இராமாநுஜனுக்கு வரமாயிற்று. ஒவ்வொரு சூத்திரத்தையும் தாமே நிறுவிப் பார்க்க முற்பட்டார். நிறுவும்போது புதியன தோன்றின. அன்று முதல் மற்றைப் பாடங்கள் அவர் கண்ணிலிருந்து மறையத் தொடங்கின.

1904-ல் டவுன் ஹைஸ்கூல் பரிசளிப்பு விழாவில் கணிதத்துக்குரிய ரங்கநாத ராவ் பரிசை வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணஸ்வாமி ஐயர், முழு மார்க்குகளுங்கூட இவருக்குக் குறைவே என்று சபையோர் கேட்கப் புகழ்ந்தார். அவ்வருஷமே இராமாநுஜன், உபகாரச் சம்பளமும் பெற்று, கும்பகோணம் கவர்ன்மெண்டு கலாசாலையில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். காவிரிக் கரையில், ஊரிலிருந்து ஆற்றைக் கடந்து சேரவேண்டிய அழகான இடத்தில் அமைந்தது அக்கலாசாலை. தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று அதற்கு அக்காலத்திற் பெயர். அச்சிறப்புப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்க.

விழா மேடையிற் புகழப்பட்ட மாணவர் அங்கே என்ன ஆனார்? ஆசிரியர் ரோமாபுரிச் சரித்திரம் நடத்துகையில் இவர் பெஞ்சியில் அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். ஆங்கில வியாசம் எழுத வேண்டிய நேரத்திலும் அதுவே. சரீர சாஸ்திரத்திலோ அவருக்கு அருவருப்பு. பள்ளிக்கூடத்தில் இருந்தவரை கணிதத்தில் தேர்ந்தவன் என்னும் ஒரு பெருமை மற்றைக் குறைகளையெல்லாம் மூடிக்கொண்டிருந்தது. கலாசாலையில் அவ்வாறு மூட இயலவில்லை. ஐந்து பாடங்களில் ஒன்றிற் குறைந்தாலும் முழுவதும் குறைந்ததே என்பது அன்றைய சட்டம். ஆங்கில வியாசத்திற் குறைந்தமையால் உபகாரச் சம்பளம் நிறுத்தப்பட்டது.

செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டன்று. இவர் வீட்டிலோ, ஒரு பருவத்துக்குரிய கட்டணம் 32 ரூபாய் என்றால், அது தந்தையாரின் ஒன்றரை மாதச் சம்பளம். தாயார் கோமளத்தம்மாள் நேரே பிரின்ஸிபாலிடம் சென்று, இத்தகைய மாணவனுக்கு உதவியை மறுப்பது தகுமோ என்று வாதாடினார். பிரின்ஸிபால் மரியாதையாகவே கேட்டு, விதியை மாற்ற இயலாதென்று கூறிவிட்டார். அவரைக் குறை கூறவும் நமக்கு மனமில்லை. ஆனால் ஆசிரியர் அத்தனை பேர் இருந்த அக்கலாசாலையில் அம்மாணவனைத் தனியே அழைத்து, உனக்கு என்ன துன்பம் என்று கேட்டவர் ஒருவராவது உண்டோ என்று எண்ணும்போது மனம் வருந்துகிறது. ஒருவர் உட்கார்ந்து அவ்வாங்கில வியாசத்தை மாதம் இருமுறை திருத்திக் கொடுத்திருந்தால் போதும்.

சில மாதங்கள் இராமாநுஜன் வருகைக் கணக்கையாவது காப்பாற்ற முயன்றார். முடியவில்லை. 1905-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், பதினேழு வயதில், வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறி, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பெற்றோர் பதைத்தார்கள். மகனைக் காணவில்லை என்னும் செய்தி ‘ஹிந்து’ பத்திரிகையில் ஸெப்டம்பர் ஆரம்பத்தில் வெளியாயிற்று. பின்னர் அவர் எப்படியோ வீடு வந்து சேர்ந்தார். ஏன் ஓடினார் என்பதற்கு எழுதினவர்கள் பலவாறு காரணம் சொல்வர். நமக்கோ, கூரையில் காகிதம் செருகிய சிறுவனே இங்கும் தென்படுகிறான். அன்று காகிதத்தை ஒளித்தார். இன்று தம்மையே ஒளித்துக்கொண்டார்.

மேற்கூறிய நம் அன்பர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று உறவினரிடம் சொன்னாரன்றோ? கோமளத்தம்மாள் அப்படிச் செய்யவில்லை. ஊரறியப் பத்திரிகையிற் போட்டுத் தேடினார்கள். மகன் கிடைத்தால் போதும், மானம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஏழைக் குடும்பம் நினைத்தது.

1906-ல் இரண்டாவது முறை முயன்றார், இம்முறை சென்னையில். எழும்பூர் ஸ்டேஷனில் வந்திறங்கிய இராமாநுஜன், களைப்பும் மலைப்புமாகப் பயணிகள் தங்கும் அறையிலேயே உறங்கிவிட்டார். முன்பின் அறியாத ஒருவர் அவரை எழுப்பித் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, சோறிட்டு, வழி சொல்லி, பச்சையப்பன் கலாசாலைக்கு அனுப்பிவைத்தாராம். அப்புண்ணியவானின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. கலாசாலையில் கணித ஆசிரியர் இவருடைய நோட்டுப் புத்தகத்தைக் கண்டு வியந்து பிரின்ஸிபாலிடம் அழைத்துச் செல்ல, கட்டணத்தில் ஒரு பகுதி உதவியாகக் கிடைத்தது. ஸிங்காரவேலு முதலியார் என்னும் பேராசிரியர் கடினமான கணக்குகளை இவரோடு கூடியிருந்து போட்டுப் பார்ப்பார்.

கும்பகோணத்தைவிட இங்கே அன்பு மிகுதிதான். ஆனால் பாடத் திட்டம் அதுவே. ஜீரண உறுப்புகளைப் பற்றி வினவிய ஒரு பரீக்ஷையில், ஜீரணம் பற்றிய இந்த அத்தியாயம் தமக்கு ஜீரணமாகவில்லை என்னும் கருத்துப்பட எழுதிவைத்துப் பெயரும் போடாமல் எழுந்து வந்தாரென்பது பிரசித்தமான கதை. கேட்டவர் சிரிப்பார்கள், நாமும் சிரித்தோம். ஆனால் அவ்விடையில் வேடிக்கையைவிடக் களைப்பே அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. மூன்று மாதத்துக்குள் வயிற்றுக்கடுப்புக் கண்டு ஊர் திரும்ப நேர்ந்தது. 1906-ம் வருஷ முடிவில் எப்.ஏ. பரீக்ஷை எழுதித் தவறினார்; 1907-ல் தனித்து எழுதி மறுபடியும் தவறினார். அத்துடன் கலாசாலைக் கதவு மூடிக்கொண்டது.

அடுத்த ஐந்தாண்டுகளைச் சுருக்கமாகவே சொல்வோம். சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்த காலம் அது. 1909-ம் வருஷம் ஜூலை மாதம் அவருக்கு விவாகம் நடந்தது. மணப்பெண் ஜானகி, நம் திருச்சிக்கு மேற்கே குளித்தலையை அடுத்த இராஜேந்திரம் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். ஆகவே இராமாநுஜன் நம் பக்கத்து மாப்பிள்ளை. குடும்பஸ்தரானபின் வேலை தேடிப் புறப்பட்டார். திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராயிருந்த இராமஸ்வாமி ஐயர், நெல்லூரில் கலெக்டராயிருந்த இராமசந்திர ராவ் முதலியோர் ஒருவர் மாற்றி ஒருவராய் உதவினார்கள். 1912-ம் வருஷம் மார்ச்சு முதல் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்ட் ஆபீஸில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது.

இவ்விடத்தில் திருச்சிக்குள்ள இரண்டாவது சம்பந்தத்தைச் சொல்ல வேண்டும். அந்த ஆபீஸில் மேலதிகாரியாயிருந்த நாராயண ஐயர் என்பவர், அதற்கு முன்னர் நம்மூர் செயிண்ட் ஜோஸப் கலாசாலையில் கணிதம் போதித்தவர். மலைக்கோட்டையின் நிழலில் இன்றும் விளங்கும் அதே கலாசாலைதான். அவர் புதுக் குமாஸ்தாவின் திறமையை உடனே உணர்ந்துகொண்டார். ஆபீஸ் முடிந்தபின் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்கார்ந்து இரவு நெடுநேரம் கணக்குப் போடுவார்கள். இராமாநுஜன் பத்துப் படிகளை ஒன்றாகத் தாண்டிச் செல்வார். நாராயண ஐயரோ, பிறருக்கு விளங்கும்படி இடையிலுள்ள படிகளையும் எழுத வேண்டும் என்று விடாமல் வற்புறுத்துவார். கும்பகோணத்தில் ஆங்கில வியாசத்துக்குக் கிடைக்காத ஆசிரியர், எட்டு வருஷங்கழித்து, கலாசாலைக்கு வெளியே, ஆபீஸ் மேலதிகாரியின் உருவத்தில் வந்து சேர்ந்தார் என்றே நாம் கொள்கிறோம்.

1913-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதியிட்டு இராமாநுஜன் கேம்பிரிட்ஜ் ஸர்வகலாசாலைக் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியதும், ஹார்டி அதைக் கண்டு திகைத்ததும் எல்லோரும் அறிந்தவை. அவ்வருஷம் மே மாதம், எப்.ஏ.யில் தம்மை இருமுறை தள்ளிய சென்னை ஸர்வகலாசாலையே, பட்டமில்லாத இவருக்கு விதியை விலக்கி மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வழங்கியது. சீமைக்கு வர ஹார்டி அழைத்தபோது இவர் முதலில் இசையவில்லை. கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம், தாயார் சம்மதியார். 1914-ன் ஆரம்பத்தில் சென்னைக்கு வந்த நெவில் என்னும் இளம் பேராசிரியர் நேரிற் பழகி அவர் மனத்தை மாற்றினார். தாயாரும் நாமகிரித் தாயார் கனவில் உத்தரவளித்ததாகக் கூறி இசைந்தார்.

இராமாநுஜனுக்கு அப்போது வயது இருபத்தாறு. ஆனால் அவர் செல்லுவது மறுபடியும் ஒரு முதலாண்டுக்கே. நண்பர்கள் கத்தியும் கரண்டியும் பிடித்து உண்ணப் பழக்கினார்கள். கோட்டு, காற்சட்டை, காலணி எல்லாம் வாங்கினார்கள். குடுமியை நீக்க வேண்டியிருந்தது. தாயும் மனைவியும் அதைக் கண்ணாற் காணலாகாதென்று, அவர்களை முன்னதாகவே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். மார்ச்சு 17-ந் தேதி ‘நெவாஸா’ என்னும் கப்பல் சென்னையை விட்டது. ஏப்ரல் 14-ந் தேதி இலண்டனில் இறங்கினார். நெவில் மோட்டாருடன் துறைமுகத்தில் காத்திருந்தார்.

முதல் சில வாரங்கள் அவர் கேம்பிரிட்ஜில் நெவில் தம்பதிகளின் வீட்டிலேயே தங்கினார். இது சிறு விஷயமாகத் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. புது நாட்டில் இறங்கிய கூச்சமுள்ள ஒருவரை நேரே விடுதி அறையில் தள்ளிக் கதவைச் சாத்தாமல், ஒரு குடும்பத்துக்குள் வைத்து, கடிதம் போடும் இடம் எது, கடை எது, யாரைக் கண்டால் எப்படி வணங்குவது என்று பழக்கிய பிறகே டிரினிட்டி கலாசாலைக்கு அனுப்பினார்கள். எழும்பூர் ஸ்டேஷனில் பெயர் தெரியாத அப்பெரியவர் ஒருநாள் செய்ததை, இவர்கள் ஆறு வாரம் செய்தார்கள்.

ஆனால் கல்லூரி அறைக்குச் சென்றபின் தனிமைதான். காலணி பாதத்தை வருத்தியது. அறையில் செருப்பே அணிந்தார். டிரினிட்டியின் போஜன மண்டபத்தில் எல்லாரும் கூடி உண்பது அவ்வூர் வழக்கம். நட்பெல்லாம் அங்கேதான் முளைக்கும். மாமிசம் சமைத்த பாத்திரத்தில் ஆன உணவு தமக்காகாதென்று இராமாநுஜன் அம்மண்டபத்துக்குப் போகாமல், தம் அறையில் சிறு அடுப்பு வைத்துத் தாமே சமைத்து உண்டார். ஆசாரத்தைக் காத்தார். ஆனால் அதற்கு விலையாக, பேச்சுத் துணை கிடைக்கும் இடத்தையும் இழந்தார். ஹார்டியைக் காலையிற் பெரும்பாலும் சந்திப்பார். பேச்சு கணிதத்தைப் பற்றியே. மாலையில் என்ன உண்டீர், உறங்கினீரா என்று கேட்பது ஹார்டியின் சுபாவமன்று. அவரும் ஒருவகையில் கூச்சமுள்ளவரே.

அதைக் கேட்டவர் வங்காளத்து இளைஞர் மகாலநோபிஸ். பிற்காலத்தில் இந்திய புள்ளிவிவரக் கழகத்தை நிறுவிப் புகழ்பெற்ற அவர், அப்போது கிங்ஸ் கலாசாலையில் மாணவர். குளிர்காலத்தில் ஒருநாள் இராமாநுஜனைக் காண வந்தவர், இரவில் குளிர் தாங்குகிறதா என்று விசாரித்தார். தாங்கவில்லை என்றும், மேலங்கியை அணிந்து சால்வையைப் போர்த்திப் படுப்பதாகவும் இவர் சொன்னார். மகாலநோபிஸ் படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். கம்பளிகள் வேண்டிய மட்டும் இருந்தன. மேல்விரிப்பின் கீழே, ஓரங்களைச் செருகி, அவ்வூர் முறைப்படி விரிக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பிரித்து அவற்றினுள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமாநுஜனுக்குத் தெரியாது. விரிப்பின் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கியிருக்கிறார். யாரிடமும் கேட்கவுமில்லை. கேட்க நாணம்.

எண்களின் இரகசியமெல்லாம் அறிந்தவருக்குக் கம்பளியின் இரகசியம் தெரியவில்லை என்று இக்கதையைச் சொல்லி நகைப்பவர் உண்டு. நம் அன்பரின் குமாரனுக்கு இதை நாம் சொன்னபோது அவன் நகைக்கவில்லை. விடுதியில் குளிப்பதற்கு வரிசையில் எப்போது நிற்பது, உணவுச் சீட்டை எங்கே வாங்குவது என்று தெரியாமல் மூன்று நாள் அரைவயிற்றோடு இருந்ததாக அப்போதுதான் வாய்திறந்தான். அவன் தந்தையாருக்கே அதுவரை தெரியாத செய்தி அது.

வகுப்பில் அவருடைய நிலை வேறு. பெர்ரி என்னும் ஆசிரியர் ஒருநாள் கரும்பலகையில் சில சூத்திரங்களை விளக்கிக்கொண்டிருந்தார். இராமாநுஜனின் முகம் மலர்ந்திருப்பதைக் கண்டு, ஏதேனும் சொல்ல விருப்பமா என்று வினவினார். இவர் எழுந்து சென்று, ஆசிரியர் இன்னும் நிறுவாத முடிவுகளைப் பலகையில் எழுதிவிட்டு அமர்ந்தார். கும்பகோணத்தில் ஆசிரியர் சொல்லுவதைக் கேளாமல் கணக்குப் போட்டவனை யாரும் முகம் பார்த்து வினவவில்லை. இங்கே ஒருவர் வினவினார். தென்னிந்தியக் கேம்பிரிட்ஜில் தவறினவர், உண்மையான கேம்பிரிட்ஜில் தேறத் தொடங்கியது அந்நாளிலிருந்துதான் என்று சொல்லலாம்.

மற்றொரு நாள் இராமாநுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்கையில், மகாலநோபிஸ் ஒரு சஞ்சிகையில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒரு வீட்டுக்கு முன்னுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் பின்னுள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குக் கீழ் என்றால், அவ்வீட்டின் எண் என்ன? எட்டு வீடுள்ள தெருவில் ஆறாம் வீடு இப்படியமையும்: ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15, ஏழும் எட்டும் கூட்டினாலும் 15. கேட்ட புதிருக்கு விடை, 288 வீடுகளில் 204-ஆம் வீடு. இராமாநுஜன் கரண்டியைக் கீழே வையாமலே, இந்த ஒரு தெருவுக்கன்றி இத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் ஒருங்கே விடை தரும் தொடர் பின்னம் ஒன்றைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னாராம். நம் வீட்டுச் சிறுவர்கள் 204-ஐச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இவ்வாறு கணிதத்தில் மலர்ந்த அம்முதலாண்டு, வாழ்வில் மலரவில்லை. அவர் வந்த நான்காம் மாதத்திலேயே, 1914 ஆகஸ்டில், மகாயுத்தம் மூண்டது. டிரினிட்டியின் முற்றமொன்று காயமுற்ற சிப்பாய்களுக்கு ஆஸ்பத்திரியாயிற்று. மாணவர்கள் படையிற் சேர்ந்து போயினர். ஹார்டியின் தோழர் லிட்டில்வுட்டும் யுத்த சேவைக்குச் சென்றார். ஊரிலிருந்து அனுப்பும் பண்டங்கள் காலத்தில் வந்து சேரவில்லை; காய்கறி கிடைப்பது அரிதாயிற்று. தொடக்கத்தில் வீட்டுக்கு அடிக்கடி கடிதம் எழுதி வந்தவர், போகப்போகக் குறைத்துக்கொண்டார். மாமியாருக்கும் மருமகளுக்கும் இணக்கமில்லாமையால் ஜானகியின் கடிதங்கள் கணவனுக்கும் கணவனுடையவை ஜானகிக்கும் முறையாய்ச் சேரவில்லை என்றும் அம்மையார் முதுமையிற் கூறியிருக்கிறார். குடும்பங்களில் நடக்கக் கூடியதுதான். ஆனால் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் தனியே சமைத்து உண்பவனுக்குக் கடிதமும் ஓர் உணவு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

1916-ம் வருஷம் மார்ச்சு மாதம் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சியின்பேரில் பி.ஏ. பட்டம் அளித்தது. எப்.ஏ. தேறாதவர் பி.ஏ. ஆனார். 1917-ம் வருஷ வசந்தத்தில் நோயாற் படுத்தார். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாறி வந்த அக்காலத்தில் மனமும் மிகத் தளர்ந்தது. 1918-ல் இராயல் சங்கத்தின் அங்கத்தினராகவும், பின்னர் டிரினிட்டியின் பெல்லோவாகவும் தெரிந்தெடுக்கப்பட்டார். அவ்விரண்டு கௌரவங்களும் படுக்கையிலிருந்தவரைத் தேடி வந்தன.

தவறினவரெல்லாம் பிறகு மேதையாவர் என்று சொல்லிப் பிள்ளைகளைத் தேற்றுவோர் இராமாநுஜனை எடுத்துக்காட்டுவதுண்டு. நாம் அதற்கு உடன்படோம். ஹார்டியே பிற்காலத்தில் எழுதுகையில், பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையுள்ள ஆண்டுகளே ஒரு கணித அறிஞனுக்கு முக்கியமானவையென்றும், இராமாநுஜனுக்கு நேர்ந்த நஷ்டம் அப்போதே நேர்ந்துவிட்டதென்றும் கருதினார். திண்ணையிற் கழிந்த ஆண்டுகள் அவருக்கு மெருகேற்றவில்லை, அவரிடமிருந்து எடுத்துக்கொண்டன. ஒரு நோயாளிக்குப் பசியின் நன்மையைப் போதிப்பது எவ்வளவு முறையோ, அவ்வளவே முறை இத்தோல்விகளைப் புகழ்வது.

1919-ம் வருஷம் மார்ச்சு மாதம் பம்பாயில் வந்திறங்கினார். உடல் எலும்பாயிருந்தது. சென்னையிலும், காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியிலும், கும்பகோணத்திலும் வைத்தியம் செய்தார்கள். இராஜேந்திரத்து ஜானகி அம்மாள் இரவும் பகலும் பக்கத்திலிருந்து பணிவிடை செய்தார். விவாகமாகிப் பத்து வருஷத்தில் அவர்கள் ஒன்றாக வாழ்ந்த காலம் மிகச் சொற்பம். வலி மிகும்போது ஒத்தடம் கொடுப்பார். சற்றுக் குறைந்தால் இராமாநுஜன் சிலேட்டைக் கேட்பார். 1920-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் நீத்தார். வயது முப்பத்திரண்டு. ஜானகி அம்மாள் தையல் வேலை செய்து பிழைத்து, திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து, 1994-ல் காலமானார்.

சாரங்கபாணி சந்நிதித் தெரு வீடு இன்றும் காப்பாற்றப்பட்டு வருகிறது. தெருவைப் பார்த்த ஜன்னலும், அதனருகில் ஒரு கட்டிலும், வெளியே திண்ணையும் உள்ளன. நம் அன்பரின் குமாரன் சென்ற தை மாதம் தந்தையாருடன் போய் அவ்வீட்டைப் பார்த்து வந்தான். இவ்வானியில் வேறொரு கலாசாலையில் சேர்ந்திருக்கிறான். முதல் வாரம் தந்தையார் அவ்வூரிலேயே ஒரு சத்திரத்தில் தங்கி, மாலைதோறும் விடுதி வாசலுக்குச் சென்று, உணவுச் சீட்டு முதற்கொண்டு ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டு வந்தாராம்.